தெம்புக்குப் போட்ட ஊசி

எங்கள் குப்பத்தில் ஊசியை யாரும் மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மருந்து என்றால் மாத்திரை, கஷாயம், ஆஸ்பத்திரியில் பாட்டில் கொண்டுபோனால் ஊற்றித் தருகிற கலர் தண்ணீர். ஊசி என்பது தெம்பு. ஆட்டுக்கால் சூப்பு, நாட்டுக்கோழி முட்டை, பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற சுறாப்புட்டு, இவற்றோடு சேர்ந்தது. மாமல்லபுரம் கடைத்தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். டாக்டரிடம் வேலை பார்த்துவிட்டு வந்து தனியாகக் கடை போட்டவர். பம்ப் ஸ்டவ்வில் ஊசியைக் கொதிக்கவைத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தைத் தட்டி உடைத்து, ரோஸ் மில்க் நிறத்தில் ஒரு மருந்தை ஏற்றுவார். சிவப்பு ஊசி என்றால் குழந்தைக்கும் தெரியும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முந்தின நாள் சாயங்காலம் பெண்ணுக்கு ஒரு சிவப்பு ஊசி. முகத்தில் களை வருமாம். எனக்கும் போட்டார்கள். களை வந்ததோ இல்லையோ, மாப்பிள்ளை வந்தார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். குப்பத்துப் பால்வாடிக்கு நான்தான் டீச்சர். கல்பாக்கத்தில் அணு உலைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஆட்களில் சிலர் அங்கே கூலி வேலைக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் போகவில்லை. கட்டுமரத்தைத் தவிர வேறு எதிலும் ஏறமாட்டேன் என்பார். பஸ்ஸில் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும், கடலில் வராது. எங்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. அதற்குப் பிறகு பிறக்கவில்லை.

அவள் தவழ ஆரம்பித்தபோது எனக்கு இருமலில் ரத்தம் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா கண்டிப்பானவர், ஆனால் எதையும் மறைக்காமல் சொல்வார். நான் முதலில் கேட்டது நான் பிழைப்பேனா என்று இல்லை. பிள்ளையை என்னிடமிருந்து பிரிப்பீர்களா என்றுதான் கேட்டேன்.

"மாத்திரையை ஒரு நாள் விடாம ஒன்றரை வருஷம் சாப்பிடு. பிள்ளை உன்கிட்டயே இருக்கலாம். மாத்திரைய விட்டே, நானே பிள்ளையப் பிரிச்சுடுவேன்" என்றார்.

அந்தப் பயத்தில் நான் மாத்திரையை விடவேயில்லை. மழையோ புயலோ, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து, மாதாமாதம் போய் வாங்கி வந்துவிடுவேன். இருமல் நின்றது. சளியில் கிருமி இல்லை என்றார்கள். நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

பிறகு கால் ஆரம்பித்தது. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அப்புறம் எரிச்சல். அலை வந்து நனைத்த மணலில் நிற்பேன், சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நிற்பது மாதிரி எரியும். அப்புறம் எரிச்சலோடு மரப்பும் சேர்ந்துகொண்டது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு வீடு தாண்டி நடந்திருக்கிறேன், பால்வாடிப் பிள்ளைகள் செருப்பை எடுத்துக்கொண்டு சிரித்தபடி பின்னால் வருவார்கள். என் மகள் அப்போது நிற்கப் பழகியிருந்தாள். என் இரண்டு பாதங்களின் மேலும் ஏறி நின்றுகொண்டு, என் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆடுவாள். குனிந்து பார்த்தால்தான் அவள் ஏறியிருப்பது எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா என் பாதத்தில் பஞ்சை வைத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், உதட்டோரத்து வெடிப்பைப் பார்த்தார். "நீ சாப்பிடற மாத்திரை கிருமியையும் கொல்லும், உன் உடம்புல இருக்கிற ஒரு சத்தையும் தின்னுடும். அதனாலயும் இப்படி வரலாம். வேற காரணமும் இருக்கலாம். நோயாளிங்க உடம்புல சத்து எவ்வளவு இருக்குன்னு பார்க்க மெட்ராஸ்லேர்ந்து ஒரு குழு வருது. அதுவரைக்கும் எந்தச் சத்து மாத்திரையும் டானிக்கும் சாப்பிடாதே. சாப்பிட்டா எது வியாதின்னு கண்டுபிடிக்க முடியாமப் போயிடும்" என்றார்.

சொன்னபடியே செய்தேன். பிள்ளை பெற்றதிலிருந்து குடித்துக்கொண்டிருந்த இரும்புச் சத்து டானிக்கைக்கூட நிறுத்திவிட்டேன். நான் டீச்சர் இல்லையா, சொன்னதைக் கேட்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

குழு வருகிற நாளுக்கு முந்தின நாள், என் வீட்டுக்காரர் கரைக்கு வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னாமே இப்டி வதங்கிக் கீற? நாளைக்கி மெட்ராஸ் டாக்டருங்க வராங்கோ. இந்தக் கோலத்துல போனா, புடிச்சி உள்ள படுக்கப் போட்டுருவாங்க. அப்பால பாப்பாவ யாரு பாத்துக்கினு இருப்பா?"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"வா, கம்பவுண்டராண்ட போய் ஒரு ஊசி போட்டுகினு வந்துரலாம்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இத்தனை வருஷம் கழித்து யோசித்தாலும், அன்றைக்கு என் மனசில் ஒரு சின்னச் சந்தேகம்கூட எழவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடாதே என்றார்கள், சாப்பிடவில்லை. டானிக் குடிக்காதே என்றார்கள், குடிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நல்ல புடவை கட்டிக்கொள்ளாதே என்று யாராவது சொல்வார்களா? ஊசியும் எங்களுக்கு அப்படித்தான். அவர் என்னைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். கால் மரத்தவள் மணலில் விழுந்துவிடுவேன் என்று பயம். கல்யாணமான புதிதில்கூட அவர் ஊர் பார்க்க என் கையைப் பிடித்ததில்லை. கம்பவுண்டர் போட்டுவிட்டு, "காலைல பாரு, குதிரை மாதிரி ஓடுவே" என்றார். வருகிற வழியில் என் வீட்டுக்காரர் எனக்குக் கனகாம்பரமும் வாங்கித் தந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னைப் போலக் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற பத்துப் பன்னிரண்டு பேரை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு இளைஞர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

"பதினஞ்சு நாளா மாத்திரை, டானிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"காசத்துக்குக் குடுக்கறதத் தவிர ஒன்னும் இல்லீங்க" என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன்.

தண்ணீரில் கரையாமல் மிதக்கிற ஒரு வெள்ளைப் பொடியைக் குடிக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை வரை போகிற சிறுநீரையெல்லாம் ஒரு பாட்டிலில் பிடிக்க வேண்டும். பெண்கள் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! முந்தானைக்குள் பாட்டிலை மறைத்துக்கொண்டு, கள்ளச் சாராயம் கடத்துகிறவர்கள் மாதிரி வராந்தாவின் கோடிக்குப் போய் வருவோம். திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, ஆண்கள் தாண்டிப் போகும்போதெல்லாம் பாட்டிலின் மேல் உட்கார்ந்துவிடுவார். சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது.

காலையில் ஜன்னலோரத்து மேஜையில் பாட்டில்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அந்த இளைஞர் ஏதோ திராவகத்தைச் சொட்டினார். துல்லியமாக அளப்பது மெட்ராஸுக்குப் போய்த்தான், இது சும்மா முன்னோட்டம் என்றார். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? பக்கத்தில் போய் நின்றேன். பச்சை நிறம் வந்தால் அந்தச் சத்து உடம்பில் குறைவு, வராவிட்டால் போதுமான அளவு இருக்கிறது என்று விளக்கினார். அந்தத் திருக்கழுக்குன்றத்து அம்மாவின் குழாய் குளத்துப் பாசி மாதிரி பச்சையாகிவிட்டது. இன்னும் மூன்று நான்கு பேருடையதும் ஆனது. என்னுடையதில் சொட்டுகள் விழுந்தன. அப்படியே மஞ்சளாக நின்றது.

எனக்குப் பெருமையாக இருந்தது. பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரரிடம் ஓடிப்போய், "எனக்குச் சத்து எல்லாம் இருக்குதாம்" என்று சொன்னேன். அவரும் சிரித்தார். இருவருமாகச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

சத்து மாத்திரை அந்த நாளில் ஆஸ்பத்திரிக்கு வருவதே கொஞ்சம். குழாய் பச்சையானவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். எனக்குத்தான் நிறைய இருந்ததே! மெட்ராஸில் அளந்து பார்த்தும் அதையேதான் சொன்னார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். சத்துக் குறைவு இல்லையென்றால் மரப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும். எங்கள் ஜில்லாவில் அந்தக் காலத்தில் கால் மரத்துப்போனால் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற காரணம் ஒன்றுதான். என்னைத் தொழுநோய்ப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அங்கே நரம்பைத் தடவிப் பார்த்தார்கள், காது மடலில் கீறி எடுத்துச் சோதித்தார்கள். ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை, தேமல் இல்லை, ஆனால் மரப்பு இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பொறுத்துப் பார்ப்பது என்றால், ஒரு ஆள் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, என்னையும் வீட்டில் இருப்பவர்களையும் அவ்வப்போது சோதிப்பது. நல்ல மனிதர், மெல்லப் பேசுவார். ஆனால் அந்தச் சைக்கிள் எதற்காக வருகிறது என்று கடற்கரையோரத்துக் குப்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். அவர் என் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, என் மகளின் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தார். அதற்கு அடுத்த நாள் பால்வாடிக்கு இரண்டே இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் யாரும் வரவில்லை. நான் மட்டும் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரரின் அக்காவை அச்சரப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சந்தையில் கருவாட்டுக் கடை. அவருக்குக் குழந்தை இல்லை. செய்தி கேட்டு வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எல்லோரும் தள்ளி நின்றபோது என்னைத் தொட்டு அழுதவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் என்னால் அவரை வெறுக்கவும் முடியவில்லை.

"தங்கச்சி, பாப்பாவ நான் இட்டுகினு போறேன். ஒனக்கு நல்லாவற வரைக்கும்தான். இங்க எந்தப் புள்ளயும் அதுங்கூட ஆட மாட்டுது, பாத்தியா?"

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கையில் கிடைத்த சட்டியை வாசலில் போட்டு உடைத்தேன். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாராவது கிட்டே வந்தால் கடித்துவிடுவேன் என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் உடைந்த சட்டியின் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி ஓய்ந்த பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. ஒருவேளை அந்த வியாதியாகவே இருந்துவிட்டால்? என் மடியிலிருந்தே அவளுக்கு ஒட்டிக்கொண்டால்? நானே அவளுடைய துணிகளை மடித்துக் கொடுத்தேன்.

அவளைப் பார்க்க நான் அச்சரப்பாக்கம் போகவில்லை. போனால் அந்தக் கருவாட்டுக் கடைக்கு யார் வருவார்கள்? என் வீட்டுக்காரர் மட்டும் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் போய், மீன் கொடுத்துவிட்டு, பார்த்துவிட்டு வருவார். பேச ஆரம்பித்துவிட்டாள், ஓடுகிறாள், கடை வாசலில் கோழியைத் துரத்துகிறாள் என்று சொல்வார். அவளுக்குப் பேச்சு வந்ததை நான் இப்படித்தான் கேள்விப்பட்டேன்.

நான் காச மாத்திரையை விடவில்லை. காலும் என்னை விடவில்லை. கம்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். ஒரு வருஷம் ஓடியிருக்கும். ஒருநாள் டாக்டரம்மாவிடம் எரிச்சல் தாங்காமல் கேட்டேன்.

"அம்மா, அந்தச் சிவப்பு ஊசி இங்க போடுவீங்களா? எங்க கம்பவுண்டர் கடைய மூடிட்டுப் போயிட்டாரு. அந்த ஊசி போட்டப்ப நாலு நாள் கால் கொஞ்சம் குளுமையா இருந்துச்சி."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்த ஊசி? எப்ப போட்டுகிட்டே?"

"அதான் மெட்ராஸ்காரங்க வந்தப்போ. முந்தின நாள்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நாங்க தேடின சத்தே அதுலதான்மா இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "ஊசி போட்டியான்னு நாங்க ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

அன்றைக்கே சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். எதிர்பார்த்ததை விடச் சீக்கிரமாக எரிச்சல் அடங்கியது. மரப்பு மெல்ல மெல்லக் கணுக்காலிலிருந்து கீழே இறங்கி, விரல்களில் கொஞ்சம் தங்கிவிட்டது. சைக்கிள்காரர் கடைசியாக வந்து சோதித்துவிட்டு, இனிமேல் நான் வரமாட்டேனம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சத்துக் குறைவுதான், ஒரு துளி மாத்திரை, அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதானை என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"நல்லதுக்குத்தானமே போட்டோம்" என்றார்.

"நல்லதுக்குத்தான்" என்றேன். அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

அச்சரப்பாக்கம் போனோம். அக்கா எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, என் கையில் கொடுத்தார். அவள் என் கையில் மீன் மாதிரித் துள்ளினாள். "அம்மா, அம்மா" என்று அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் என் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அவளும் அவரை மாமா என்றாள். பல மாதமாக அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். அவர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

குப்பத்துக்குக் கொண்டுவந்தோம். நான் ஆசை ஆசையாகச் செய்ததெதையும் அவள் தொடவில்லை. கடலைக் கண்டு பயந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூக்கினால் அழவில்லை, உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்வாள், அது அழுவதை விட மோசம். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. ஏக்கக் காய்ச்சல் என்றார்கள். அவளுடைய உதடு வெடித்திருப்பதைப் பார்த்தேன். சாப்பிடாத பிள்ளையின் உடம்பில் என்னென்ன குறைகிறது என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தால் பழகியிருப்பாள் என்று பின்னால் பலர் சொன்னார்கள். இருக்கலாம். நானும் அதை நினைக்காத நாள் இல்லை. ஆனால் காய்ச்சலில் கிடக்கிற குழந்தையிடம் நான் உன் அம்மா என்று எப்படி வாதாடுவது? நானே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் வரவில்லை.

அக்கா கடை வாசலில் கருவாட்டைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை என் தோளிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிப்போய் அவர் மடியில் முகத்தைப் புதைத்தாள். நாங்கள் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை இருந்தேன். அவள் அக்கா கையால் ரசம் சோறு சாப்பிட்டாள், காய்ச்சல் விட்டு வியர்த்தது, என் பக்கத்தில்கூட வந்து உட்கார்ந்தாள். நான் கிளம்பினேன். என்னிடமிருந்து விடுபட்டுவிட்ட தைரியத்தில், அவள் வாசல் வரை வந்து கையை ஆட்டினாள்.

"அத்தே, போய்ட்டு வா."

"அத்தை இல்லடி கண்ணு, அம்மா. அம்மான்னு சொல்லு" என்று அக்கா பதறிப்போய்ச் சொன்னார்.

"உடு அக்கா, கொயந்த" என்றேன். மாமாவின் பெண்டாட்டி அத்தைதானே, அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோடு வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மனசு வெடித்துவிடும் போலிருந்தது. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு ஓரத்தில், வெட்கமில்லாமல், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பேச்சு வந்த பிறகு அவள் என்னை எதையாவது சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.